குனிந்த நாரி நிமிர வேண்டும்: நீட்டுவதா, அசைப்பதா?

மாலை மங்கும் நேரம். வெங்காயப் பாத்தியில் காலை முதல் களை பிடுங்கிய ஒருவர் எழுந்து நிற்க முயல்கிறார். ஒரே முயற்சியில் நிமிர முடியவில்லை. ஒரு கையை முழங்காலில் ஊன்றுகிறார். மற்றக் கையை நாரியில் வைக்கிறார். பாதி நிமிர்ந்தபடி நான்கு அடி நடந்த பின்னர்தான் உடல் நேராகிறது. இந்தக் காட்சி எமது ஊர்களில் எவருக்கும் புதிதன்று. "வயது போட்டுது, அதுதான்" என்று சொல்லிவிட்டு, அடுத்த நாளும் அதே பாத்திக்குப் போகிறோம்.

இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பத்துக்கு இது சிறிய விடயமல்ல. 1990ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்திலிருந்தும், 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னி ஊர்களிலிருந்தும் வெளியேறியவர்கள் காணியையும் கிணற்றையும் மாடுகளையும் விட்டுவிட்டே வந்தனர். பலரிடம் மிஞ்சிய ஒரே முதல் அவர்களது உடல். அந்த முதலை வைத்தே பிறர் காணியில் கூலிக்குக் கொத்தினார்கள். குத்தகைக்குக் காணி எடுத்துத் தோட்டம் செய்தார்கள். ஊர் திரும்பியவர்கள் ஆளுயரம் வளர்ந்த பற்றைகளை வெட்டி மீண்டும் நிலத்தைப் பண்படுத்தினார்கள். நாரி பிடித்துக்கொண்டால் அன்றைய கூலி இல்லை. இரண்டு கிழமை படுத்துவிட்டால் நடுகை பிந்திவிடும். ஆகவே கிணற்றையும் மண்வெட்டியையும் பேணுவதுபோல உடலையும் பேண வேண்டியவர்களாக நாம் இருக்கிறோம்.

வேலை செய்கிறவர்களுக்குப் பயிற்சி எதற்கு?

ஒரு கிராமக் கூட்டத்தில் இந்தப் பேச்சை எடுத்தபோது முதியவர் ஒருவர் எழுந்தார்.

"தம்பி, நாங்கள் விடிஞ்சால் பொழுதுபட்டால் உடம்பை முறிக்கிற ஆக்கள். உந்தப் பயிற்சியெல்லாம் கதிரையில இருக்கிறவைக்குச் சொல்லுங்கோ."

"ஐயா, மண்வெட்டியை எந்தப் பக்கத்தால ஓங்கிறனீங்கள்?" என்று கேட்டோம்.

"வலப்பக்கத்தாலதான்."

"இடப்பக்கத்தால?"

"அது எனக்கு வராது."

"ஒரு நாளைக்கு எத்தனை தரம் முன்னுக்குக் குனியிறீங்கள்?"

"ஆர் எண்ணினது?"

"பின்னுக்கு எத்தனை தரம் வளையிறீங்கள்?"

அவர் சிரித்துவிட்டு அமர்ந்தார். விடை அந்தச் சிரிப்பில் இருந்தது.

கமம் கடினமான வேலைதான். ஆனால் அது உடலை ஒரே திசையில், ஒரே அளவுக்கு, ஆயிரம் தடவை பாவிக்கிறது. நாற்று நடுவதும் களை பிடுங்குவதும் கொத்துவதும் முன்பக்கக் குனிவுகளே. முழங்கால் பாதி மடிகிறது. தோள் பாதி உயர்கிறது. முதுகு பின்னோக்கி வளைவதே இல்லை. பாதி மட்டும் திறந்து மூடும் படலையை நினைத்துப் பாருங்கள். பாவிக்கும் பாதியில் பிணைச்சல் தேய்கிறது. பாவிக்காத பாதியில் கறள் பிடிக்கிறது. ஒருநாள் மாட்டுவண்டி உள்ளே வர வேண்டும் என்று முழுவதும் தள்ளினால், படலை முறிகிறது. எமது மூட்டுகளுக்கு நேர்வதும் ஏறத்தாழ இதுவே.

முன்னர் துலாவில் நீர் இறைத்த காலத்தில் துலா மிதிப்பவர் உயரத்தில் முன்னும் பின்னும் நடந்தார். கீழே நின்றவர் கைகளைத் தலைக்கு மேல் உயர்த்திக் கொடியைப் பிடித்து இறக்கினார். மூட்டுகள் பல திசையிலும் அசைந்தன. நீர் இறைக்கும் இயந்திரம் வந்து அந்தப் பெரும் பாட்டைக் குறைத்தது நன்மையே. ஆனால் அந்த அசைவுகளும் அதனுடன் போய்விட்டன. முகாம் வாழ்க்கையோ தறப்பாள் கொட்டிலுக்குள் நிமிர்ந்து நிற்கவும் இடம் தரவில்லை.

இரண்டு வகைப் பயிற்சிகள்

உடலின் விறைப்பைப் போக்க இரண்டு வழிகள் சொல்லப்படுகின்றன. இவை ஒன்றல்ல.

முதலாவது நீட்டற் பயிற்சி. ஒரு தசையை அதன் எல்லை வரை இழுத்து, அசையாமல் சிறிது நேரம் பிடித்திருப்பது. நெட்டி முறிப்பதும் சோம்பல் முறிப்பதும் எமக்குத் தெரிந்தவையே. அதை ஒழுங்காக, நேரம் எண்ணிச் செய்வதே இது.

இரண்டாவது அசைவுப் பயிற்சி. ஒரு மூட்டை அது போகக்கூடிய முழுத் தூரத்துக்கும் எமது சொந்தத் தசைப் பலத்தினாலேயே கொண்டுபோய், அடக்கத்துடன் மீட்டுக் கொண்டுவருவது. இங்கு பிடித்திருப்பது முக்கியமல்ல. நடுவழியில் எங்கும் தளர்ந்து விழாமல் போய் வருவதே முக்கியம்.

வேறுபாட்டை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். பாயில் மல்லாந்து படுங்கள். ஒரு காலை மடக்காமல், கையால் தொடாமல், தானாக உயர்த்துங்கள். எவ்வளவு உயர்கிறது என்று கவனியுங்கள். பின்னர் ஒரு துவாயைப் பாதத்தில் மாட்டி, கையால் இழுத்து அதே காலை உயர்த்துங்கள். அநேகமாக இன்னும் சற்று உயரும். இழுத்தால் மட்டும் கிடைக்கும் அந்த மேலதிகத் தூரத்தில் உங்களுக்கு நெகிழ்வு உண்டு. ஆனால் பலம் இல்லை.

இந்த இடைவெளியே ஆபத்தானது. 50 கிலோ உரமூடையைத் தோளில் சுமந்து ஈர வரம்பில் நடக்கும்போது கால் வழுக்கினால், துவாய் பிடித்துத் தர எவரும் வரமாட்டார்கள். அந்த நொடியில் கால் போகிற தூரம் முழுவதிலும் அதைத் தாங்கிப் பிடிக்கும் பலம் உங்களிடமே இருக்க வேண்டும். நீட்டற் பயிற்சி தூரத்தைத் தரலாம். அந்தத் தூரத்தை ஆளும் பலத்தைத் தருவது அசைவுப் பயிற்சி.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

வேலைக்கு முன் தசைகளை நீட்டிப் பிடித்தால் காயம் வராது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 2000ஆம் ஆண்டு வெளியான அவுஸ்திரேலிய ஆய்வொன்று இதைச் சோதித்தது. இராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த 1,538 ஆண்கள் இரண்டு பிரிவுகளாக்கப்பட்டனர். இரு பிரிவினரும் 12 வாரங்கள் ஒரே பயிற்சியைப் பெற்றனர். ஒரு பிரிவினர் மட்டும் பயிற்சிக்கு முன் காலின் ஆறு தசைத் தொகுதிகளை 20 செக்கன்கள் வீதம் நீட்டிப் பிடித்தனர். முடிவில் நீட்டியவர்களிடையே 158 காயங்கள், நீட்டாதவர்களிடையே 175. இது குறிப்பிடத்தக்க வேறுபாடு அல்ல என்று ஆய்வாளர்கள் கண்டனர்.

மறுநாள் வரும் உளைவைப் பற்றியும் பார்ப்போம். 2011இல் 12 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நீட்டற் பயிற்சி அடுத்த நாள் உளைவை 100 புள்ளி அளவுகோலில் ஒரு புள்ளியளவே குறைத்தது தெரியவந்தது. ஆயினும் 2010இல் நோர்வேயையும் அவுஸ்திரேலியாவையும் தளமாகக் கொண்டு வெளிவந்த, 2,377 பேர் பங்குபற்றிய ஆய்வில், தொடர்ந்து நீட்டற் பயிற்சி செய்தவர்களில் தொல்லை தரும் உளைவு இருந்ததாகச் சொன்னோர் சற்றுக் குறைவு. மொத்தக் காயங்கள் மட்டும் குறையவில்லை.

ஒரு தசையை 60 செக்கன்களுக்கு மேல் நீட்டிப் பிடித்து உடனே வேலையைத் தொடங்கினால், அதன் பலம் சிறிது நேரத்துக்குக் குறைகிறது. 2016இல் வெளிவந்த தொகுப்பாய்வொன்று இந்தக் குறைவைச் சராசரியாக 4.6 வீதம் எனக் கணித்தது. அரை நிமிடத்துக்கு உட்பட்ட நீட்டலால் இத்தகைய பாதிப்பு இல்லையென்றே சொல்லலாம்.

இன்னொன்றும் அறிய வேண்டும். சில கிழமைகள் நீட்டியதும் கை நிலத்தைத் தொடுவது தசை நீண்டுவிட்டதால் மட்டுமல்ல. அந்த இழுவையைத் தாங்க நரம்புகள் பழகிவிடுவதே பெரும் காரணம் என்று 2010இல் வெளியான ஆய்வுக் கட்டுரை ஒன்று எடுத்துக்காட்டியது. அத்துடன், முழுத் தூரத்துக்கும் மூட்டை அசைத்துச் செய்யும் பலப் பயிற்சியும் நீட்டற் பயிற்சியைப் போலவே நெகிழ்வைத் தருகிறது என்று 2021இல் ஒரு தொகுப்பாய்வு காட்டியது. எனவே பலமும் நெகிழ்வும் ஒன்றுக்கொன்று பகையல்ல. முழுமையாக அசைகிற உடலுக்கு இரண்டும் சேர்ந்தே வருகின்றன.

இதிலிருந்து நாம் எடுக்க வேண்டிய பாடம் எளிது. வேலைக்கு முன் அசையுங்கள். வேலை முடிந்தபின், விருப்பமானால், நீட்டிப் பிடியுங்கள். இரண்டுக்கும் நேரமில்லாவிட்டால் அசைவையே தெரிந்தெடுங்கள்.

விடியற்காலை முதுகு

கமக்காரர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. முள்ளந்தண்டின் எலும்புகளுக்கிடையே மெத்தை போன்ற தட்டுகள் இருக்கின்றன. இரவில் நாம் படுத்திருக்கும்போது இவை நீரை உறிஞ்சிப் பருக்கின்றன. அதனால்தான் காலையில் நாம் மாலையைவிடச் சிறிது உயரமாக இருக்கிறோம். நீர் நிரம்பிய தட்டு இறுக்கமானது. 1987இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்று, அதிகாலையில் குனியும்போது இத்தட்டுகள் தாங்கும் வளைவு அழுத்தம் ஏறத்தாழ 300 வீதம் கூடுதலாக இருக்கும் எனக் கணித்தது. எழுந்து நடமாடத் தொடங்கியதும் மேலதிக நீர் வெளியேறுகிறது. அதன் பெரும் பகுதி முதல் ஒரு மணித்தியாலத்திலேயே வெளியேறிவிடும்.

1998இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், நெடுநாள் நாரி நோவு உள்ளவர்களுக்கு எழுந்து முதல் இரண்டு மணித்தியாலங்கள் குனிவதைத் தவிர்க்கும்படி கற்பிக்கப்பட்டது. அவர்களது நோவு குறைந்தது.

வெயிலுக்கு முன் தோட்டத்துக்குப் போகும் எமக்கு இரண்டு மணித்தியாலம் காத்திருப்பது கடினம். ஆனால் வேலை ஒழுங்கை மாற்றலாம். எழுந்ததும் நேரே களை பிடுங்கக் குந்தாமல், முதலில் நடக்கிற வேலைகளைச் செய்யுங்கள். மாட்டை அவிழ்த்துக் கட்டுவது, வேலியைப் பார்ப்பது, இயந்திரத்தை இயக்கி நின்றபடி நீரைப் பாத்திக்குத் திருப்புவது ஆகியன அத்தகையவை. குனிவுகள் அதன் பின்னர் வரட்டும். வீட்டில் பெண்களும் எழுந்த கையோடு நிரம்பிய குடத்தைக் குனிந்து தூக்குவதையும், முற்றம் கூட்டுவதையும் சிறிது பிற்படுத்துவது நல்லது. அல்லது கூட்டுமாற்றுக்கு நீண்ட பிடி போட்டுக்கொள்ளலாம்.

தற்செயலாகக் கிடைத்த பாடம்

நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில் ரொபின் மக்கென்சி என்ற இயன்மருத்துவர் இருந்தார். 1956இல் நாரியிலும் காலிலும் நோவுள்ள ஒருவர் அவரிடம் சிகிச்சைக்கு வந்தார். பல நாட்களாகியும் சுகமில்லை. ஒருநாள் அவரை அறைக்குள் போய்க் குப்புறப் படுத்திருக்கும்படி மக்கென்சி சொன்னார். படுக்கையின் ஒரு பக்கம் முன்னைய நோயாளிக்காக உயர்த்தப்பட்டிருந்ததை எவரும் கவனிக்கவில்லை. நோயாளி முதுகு பின்னோக்கி வளைந்தபடி சில நிமிடங்கள் கிடந்தார். மக்கென்சி வந்து பார்த்துத் திடுக்கிட்டார். நோயாளியோ கால் நோவு போய்விட்டதென்று சொன்னார். அதிலிருந்து வளர்ந்த சிகிச்சை முறை இன்று உலகெங்கும் அவர் பெயரால் அறியப்படுகிறது.

பின்வளைவு எல்லா நாரி நோவுக்கும் மருந்தன்று. சிலருக்கு அது நோவைக் கூட்டும். அவர்கள் அதை விட்டுவிட வேண்டும். ஆனால் நாள் முழுவதும் முன்னோக்கிக் குனிகிற ஒருவர் இடையிடையே எதிர்ப்பக்கம் வளைவது பயனுள்ளதென்பதை இச்சம்பவம் நன்றாக நினைவூட்டுகிறது.

வேலைக்கு முன் பத்து நிமிடம்

பின்வருவனவற்றுக்கு எந்தக் கருவியும் தேவையில்லை. நோவு வரும் அளவுக்குப் போக வேண்டாம். மூச்சை அடக்க வேண்டாம்.

1. நடை. தோட்டத்துக்குக் கைகளை வீசி நடந்து செல்லுங்கள். தோட்டம் வீட்டோடு இருந்தால் வேலியைச் சுற்றி ஐந்து நிமிடம் நடவுங்கள்.

2. கணுக்கால். ஒரு காலை முன்வையுங்கள். குதிக்கால் நிலத்தை விட்டுக் கிளம்பாமல் முழங்காலை முன்னோக்கித் தள்ளி மீளுங்கள். ஒவ்வொரு காலுக்கும் 10 தடவை. வரம்பில் வழுக்காமல் நிற்க இது உதவும்.

3. இடுப்பில் மடிதல். நேரான தடியொன்றை முதுகோடு சேர்த்துப் பிடியுங்கள். தடி பின்தலை, மேல்முதுகு, பிட்டத்துக்கு மேலுள்ள எலும்பு ஆகிய மூன்றிலும் தொட வேண்டும். முழங்காலைச் சற்று மடித்து, தடி எங்கும் விலகாமல் இடுப்பு மூட்டில் மடிந்து நிமிருங்கள். 10 தடவை. மூடை தூக்கும்போதும் வாளி தூக்கும்போதும் இப்படியே மடியப் பழகுங்கள்.

4. குந்தி எழுதல். வேலிக் கதியாலையோ கிணற்றுக் கட்டையோ பிடித்துக்கொண்டு மெதுவாகக் குந்தி, மெதுவாக எழும்புங்கள். 5 முதல் 10 தடவை. முழங்கால் நோவுள்ளவர்கள் பாதி வரை போனால் போதும்.

5. தோளும் மேல்முதுகும். இரு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தி, பெரிய வட்டமாகச் சுழற்றி இறக்குங்கள். முன்னும் பின்னும் 5 தடவை. பின்னர் மேல் உடலை இடமும் வலமும் மெதுவாகத் திருப்புங்கள்.

6. பின்வளைவு. கால்களைச் சற்று அகற்றி நின்று, கைகளை நாரியில் ஊன்றி, மெல்லப் பின்னோக்கி வளைந்து மீளுங்கள். 5 தடவை.

வேலைக்கு நடுவில் அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழுந்து, ஆறாவது அசைவை மட்டும் செய்யுங்கள். அதற்கு அரை நிமிடம் போதும். மண்வெட்டியைச் சிறிது நேரம் மற்றப் பக்கத்தால் பிடித்துப் பழகுங்கள். ஒரே வேலையைப் பகல் முழுவதும் செய்யாமல், கொத்துவதையும் நீர் கட்டுவதையும் மாறிமாறிச் செய்யுங்கள். கூட்டாக வேலை செய்பவர்கள் இதை ஒழுங்குபடுத்துவது எளிது.

மாலையில் குளித்த பின்னர், உடல் இளகியிருக்கும்போது நீட்டற் பயிற்சி செய்யலாம். கெண்டைக்கால், பின்தொடை, இடுப்பின் முன்புறம் ஆகியவற்றை 30 செக்கன்கள் வீதம் இருமுறை பிடித்தால் போதுமானது. கிழமைக்கு இரண்டு, மூன்று நாள் செய்தாலே பலன் உண்டு. அது மனதுக்கும் ஆறுதல் தரும்.

நெடுநாள் இடைவெளிக்குப் பின் மண்ணுக்குத் திரும்புவோர்

மாதக்கணக்காகவோ ஆண்டுக்கணக்காகவோ கமம் செய்யாதிருந்து மீண்டும் தொடங்குபவர்களே கூடுதலாகக் கவனமாயிருக்க வேண்டும். காணி கிடைத்த மகிழ்ச்சியில் முதல் நாளே முழுநாள் வெட்டத் தோன்றும். மனம் பழைய வேகத்தை மறக்கவில்லை. உடலோ மறந்துவிட்டது. முதற் கிழமை காலையில் மட்டும் வேலை செய்யுங்கள். அடுத்த கிழமை சற்றுக் கூட்டுங்கள். மூடையைப் பாதியாக்கி இருமுறை சுமவுங்கள். மருந்தடிக்கும் தாங்கியில் 16 லீற்றர் கொள்ளுமென்றால், முதலில் 8 லீற்றருடன் செல்லுங்கள். சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்று முன்னோர் சொன்னது பணத்துக்கு மட்டுமல்ல, உடலுக்கும் பொருந்தும்.

வயோதிபர்களும் ஒதுங்கிவிட வேண்டாம். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் கிழமைக்கு மூன்று நாளாவது சமநிலையையும் பலத்தையும் வளர்க்கும் அசைவுகளைச் செய்ய வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020இல் அறிவுறுத்தியது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பதும், கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழும்புவதும் அவர்களுக்கு ஏற்ற தொடக்கம்.

வைத்தியரிடம் செல்ல வேண்டியவை

சில நோவுகளுக்குப் பயிற்சி விடையல்ல. சிறுநீர், மலம் கட்டுப்படாமற் போதல், தொடைகளுக்கிடையே மரத்துப் போதல், கால் வலுவிழத்தல் ஆகியன தோன்றினால் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். விழுந்த பின் வந்த கடும் நோவு, காய்ச்சலோடு வரும் நோவு, காரணமின்றி உடல் மெலிதலோடு வரும் நோவு, இரவில் படுத்தாலும் தீராத நோவு ஆகியவற்றையும் காட்டத் தாமதிக்க வேண்டாம். உடலில் செல் துண்டுகள் உள்ளவர்களும், செயற்கைக் கால் அணிந்தவர்களும், சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களும் முதலில் வைத்தியரிடமோ இயன்மருத்துவரிடமோ கேட்டுத் தமக்கேற்ற அசைவுகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

காணி திரும்பக் கிடைப்பது பலர் கையில் உள்ள விடயம். அதற்காக எத்தனையோ குடும்பங்கள் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்திருக்கின்றன. உடலைப் பேணுவது எமது கையிலேயே உள்ளது. காணி வருகிற நாளில் அதைக் கொத்துவதற்கு நிமிர்ந்த நாரியும் வேண்டும். நாளை விடிந்ததும் மண்வெட்டியைத் தூக்குமுன் ஒருமுறை கைகளை நாரியில் ஊன்றிப் பின்னோக்கி வளைந்து பாருங்கள். எவ்வளவு காலமாக அந்தப் பக்கம் போகவில்லை என்பது அப்போது தெரியும்.